துண்டுக்கு அடியில் பேசியது

ரஷீத் அஹமதுவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். அதுவும் 'சரி' என்கிற சொல்.

ஆம்பூர் தோல் மண்டியில் 'கட்டாது', 'ஆகாது', 'போய்ட்டு அடுத்த வாரம் வா' என்று சொல்லியே முடி நரைத்த மனிதர் அவர். பச்சைத் தோல் கொண்டுவரும் வியாபாரிகள் அவர் வாயிலிருந்து ஒரு 'சரி' வாங்குவதற்குள் மூன்று டீ குடித்து முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் அடித்தது. வலது கையையும் காலையும் முடக்கிப் போட்டு, வாயில் இருந்த சொற்களையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆண்டவன் கணக்கை யார் கண்டது.

"அவருக்கு எல்லாம் புரியும். மனசுல வேற ஒண்ணு நினைப்பார், வாயில இதுதான் வரும். அதனால சரின்னு சொன்னா சரின்னு எடுத்துக்காதீங்க" என்று வேலூர் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மகன் ஃபஹீம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கேட்டது வேலூரிலேயே நின்றுவிட்டது, ஆம்பூர் வரை வரவில்லை. "சாப்புடுறீங்களா அப்பா?" "சரி." "போதுமா?" "சரி." "டிவி ஆஃப் பண்ணிடவா?" "சரி." மண்டையை ஆட்டி மறுக்கலாம் என்றால் அந்த மண்டையும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பக்கவாட்டில் ஆட்ட நினைத்தால் மேலும் கீழும் போகும். இடது கையை ஆட்டினால் ஈ விரட்டுகிறார் என்று நினைத்தார்கள். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் மருமகள் வஹீதாவிடம், "எதுக்கும் சரி சொல்ற மாமனார் யாருக்கும்மா கெடைப்பாங்க, நீ குடுத்து வெச்சவ" என்று சொல்லிச் சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அவர்கள் எல்லாரையும் வீட்டைவிட்டுத் துரத்த வேண்டும்போல் இருந்தது.

பாண்டிச்சேரிப் பயணமும் இப்படித்தான் முடிவானது.

"அப்பா, பாண்டி போலாமா? பிரெஞ்சுக்காரன் கட்டின பழைய பங்களாவெல்லாம் இருக்கு. கடல் காத்து உங்க ஒடம்புக்கு நல்லது" என்று ஃபஹீம் கேட்டான்.

எனக்கெதற்கடா பிரெஞ்சுக்காரன் பங்களா, என்னைத் தோல் பதனிடுகிற நம் டேனரி வாசல் வரை ஒரு தடவை தள்ளிக்கொண்டு போ, அந்தச் சுண்ணாம்பு வாடை போதும் எனக்கு என்று சொல்ல நினைத்தார்.

"சரி" என்றார்.

கிளம்புகிற அன்று காலையில் வஹீதா அவருக்குப் பிரியாணி ஊட்டினாள். டாக்டர் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அந்த வாசனை மட்டும்தான் அவருக்கு. இன்றைக்கு எலும்பெடுத்த கறியும், பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காயும், பின்னாலேயே ஒரு கிண்ணம் இனிப்புப் பிர்னியும் வந்தன. ரஷீத் அஹமது மென்றுகொண்டே யோசித்தார். பக்ரீத்துக்கு முந்தின நாள் ஆட்டுக்கு இப்படித்தான் நல்ல தழையாகப் பார்த்துப் போடுவார்கள். சந்தேகம் அங்கேயே வந்தது. ஆனால் பிரியாணி ருசியாக இருந்ததால் சந்தேகத்தைத் தள்ளி வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

காரில் அவர் முன் சீட்டு, ஃபஹீம் ஓட்டினான், வஹீதா பின்னால் இருந்தாள். வேலூரைச் சுற்றிக்கொண்டு கணியம்பாடி தாண்டும்போது அவள் போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். "தூங்குறாரா? கஞ்சி குடிச்சாரா? வர்றேன்மா, சீக்கிரம் வர்றேன்." பேசி முடித்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய அப்பா ரஃபி அகமதுவைப் பற்றித்தான் பேச்சு. ரஃபி வாணியம்பாடியில் தோல் தரகர். ரஷீத் அஹமதுவோடு ஆயிரம் தடவை பேரம் பேசி, ஆயிரம் தடவை கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்து, கடைசியில் சம்பந்தியும் ஆனவர். அவருக்கு உடம்பு சுகமில்லை என்பது காதில் விழுந்திருந்தது. பித்தப்பையில் கல் என்று யாரோ சொன்னார்கள். நோயாளியிடம் நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்ததால் அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது.

பாண்டியில் முதல் பங்களா மஞ்சள் சுவரும், மதில் மேல் வழிகிற காகிதப்பூவும், ஆள் உயரத்துக்கு மேல் போகிற ஜன்னல்களுமாக நின்றது. டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். எவனோ ஒரு வெள்ளைக்காரன் படுத்த கட்டிலைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டுமா என்று ரஷீத் அஹமதுவுக்கு எரிச்சல் வந்தது. அதையும் பார்க்க முடியவில்லை. கட்டில் மாடியில் இருந்தது. மாடிக்கு வளைந்து வளைந்து போகும் மரப்படி. சக்கர நாற்காலியை அதில் ஏற்ற ஆள் இல்லை.

"அப்பா, நீங்க இங்க நெழல்ல இருங்க. நான் மேல போய் ஃபோட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறேன், சரியா?"

"சரி."

ஃபஹீம் போய்விட்டான். முற்றத்தில் தண்ணீர் இல்லாத ஒரு நீரூற்றுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தியிருந்தார்கள். நாலு பக்கமும் தூண்கள், மேலே ஒரு சதுர வானம். கடல் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது, இரைச்சல் கேட்டது, கண்ணில் படவில்லை. எங்கே கொண்டுபோனாலும் நமக்குக் கிடைப்பது சுவர்தான் என்று நினைத்துக்கொண்டார். வஹீதா மட்டும் கூட நின்றாள்.

காற்று சில்லென்று அடித்தது. வஹீதா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடியில் கிடந்த இடது கை மேல் போர்த்தி, ஓரத்தைச் செருகுவதற்காகத் தன் கையை உள்ளே விட்டாள்.

துண்டுக்கு அடியில் இன்னொரு கை வந்ததும் ரஷீத் அஹமதுவின் விரல்களுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. அவளுடைய இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார்.

தோல் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்கிறவன் காதில் விழுந்தால் வியாபாரம் கெட்டுவிடும். வாங்குகிறவனும் விற்கிறவனும் கை குலுக்குவதுபோல் கையைச் சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். நூறா ஆயிரமா என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்வார்கள். மிச்சமெல்லாம் உள்ளே நடக்கும். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை. உள்ளங்கையைத் தட்டிவிட்டால் கட்டாது என்று அர்த்தம். கட்டைவிரலை அழுத்தினால் வியாபாரம் முடிந்தது, அதன் பிறகு பேச்சு மாறக்கூடாது. துண்டுக்கு அடியில் பேசியதை மாற்றிப் பேசினவன் மறுநாள் மண்டியில் கடை திறக்க முடியாது.

அவர் ஏதோ பழக்கத்தில் பிடித்தார். ஆனால் அந்தச் சின்னக் கை ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு திரும்பி, அவருடைய ஐந்து விரல்களையும் பிடித்தது.

ரஷீத் அஹமது நிமிர்ந்து பார்த்தார். வஹீதாவும் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பா சொல்லித் தந்தாரு மாமா. சின்ன வயசுல வெளாட்டுக்கு. தாவணிய கை மேல போட்டுக்கிட்டு வெளாடுவோம்" என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கூடத்தில் கயிறு கட்டித் தடுத்து வைத்திருந்த ஒரு தோல் சோபாவைக் கண்ணால் காட்டினாள். "அந்தச் சோபா. ஆயிரக் கணக்கு. சொல்லுங்க."

அந்தச் சோபாவின் தோல் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. ஆயிரமாவது ஒன்றாவது. ஆனாலும் போகட்டும் என்று ஒரு விரலைப் பிடித்தார். அவள் நாலைப் பிடித்தாள். அவர் உள்ளங்கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

கட்டாது.

இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் 'கட்டாது' அது. வாய் வழியாக வராதது கை வழியாக வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்தக் கை, அதுவும் ஒன்றுக்கும் உதவாத இந்த இடது கை, இத்தனை நாள் எங்கே போயிருந்தது. ஒரே வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள், அவர் பாஷை தெரிந்தவள், சோறு ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு துண்டு இல்லாமல் போய்விட்டது.

"அழாதீங்க மாமா" என்று அவள் துண்டின் நுனியால் துடைத்துவிட்டாள். அவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது. அவர் மறுபடி கையை நீட்டினார். தூணுக்கு ஒரு விலை, நீரூற்றுக்கு ஒரு விலை என்று பேசத் தயாராக இருந்தார். அவளோ கையை மெல்ல இழுத்துக்கொண்டு, "அவர் வந்துட்டாரு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கையைக் கொடுக்கவே இல்லை. ஒரு மரத்தடியில் காரை நிறுத்திச் சாப்பிடும்போதும், தெரு முழுக்க வரிசையாக நின்ற பழைய மாளிகைகளை ஃபஹீம் ஒவ்வொன்றாகக் காட்டி, "இது இப்ப ஹோட்டலாம்பா, ஒரு ராத்திரிக்கு அவன் கேக்குறதுல நம்ம ஊர்ல ஒரு மாசம் ஓட்டலாம்" என்று சொல்லும்போதும், தன் கை இரண்டையும் மடியில் பூட்டுப் போட்டதுபோல் வைத்துக்கொண்டாள். மருமகளுக்குக் கூச்சம் என்று ரஷீத் அஹமது நினைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட வியாபாரியும் சந்தோஷத்தில் இருக்கும்போது சரக்கைச் சரியாகப் பார்ப்பதில்லை.

அடுத்துப் போன பங்களாவில் டிக்கெட் கேட்கவில்லை.

அதே மஞ்சள் சுவர், அதே காகிதப்பூ, அதே பெரிய கதவு. "இதுவும் இருநூறு வருஷத்து வீடுதான்பா" என்றான் ஃபஹீம். ஆனால் வாசற்படிக்குப் பக்கத்தில் புத்தம் புதுசாகச் சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டிருந்தது. நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. உள்ளே சுவர் நெடுகப் பிடித்து நடக்க ஸ்டீல் கம்பி இருந்தது. பிரெஞ்சுக்காரன் எதற்கு ஸ்டீல் கம்பி வைத்தான் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டெட்டால் வாசனை வந்தது. வரிசையாக அறைகள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கிழவனோ கிழவியோ. ஒரு கிழவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவர்கள் கடந்து போனபோது அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

வெள்ளைப் புடவை கட்டிய ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். "வாங்க ஐயா, நான் ஜெனிஃபா. நானும் நம்ம வேலூர்தான். உங்களுக்குன்னே கடல் பாத்த ரூமா எடுத்து வெச்சிருக்கோம்."

அவரை அந்த அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியதும், பின்னாலேயே ஃபஹீம் காரிலிருந்து சாமான் எடுத்து வந்தான். அவருடைய தலையணை. அவருடைய தொழுகை விரிப்பு. குளிருக்குப் போர்த்தும் சிவப்பு ரஜாய். செத்துப்போன அவர் மனைவி சுகரா பேகம் தைத்தது அது. ஒரு நாள் சுற்றிப்பார்க்க வருகிறவனுக்கு எதற்கு ரஜாய்.

ரஷீத் அஹமதுவுக்குக் காலையில் தின்ற பிரியாணியின் அர்த்தம் புரிந்தது. அடப் பாவிகளா என்று கத்தினார்.

"சரி" என்றது வாய்.

"பாத்தீங்களா சிஸ்டர், நான் சொல்லல? அப்பா ரொம்ப அனுசரிச்சுப் போவாரு" என்றான் ஃபஹீம். சொல்லிவிட்டு அவர் காலடியில் குந்தி உட்கார்ந்தான். அவன் முகத்தில் தூக்கமே இல்லை. கெட்டவன் இல்லை அவன், அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "அப்பா, டேனரியில நான் காலைல போனா ராத்திரிதான் வர்றேன். வஹீதாவுக்கு முதுகு போயிடுச்சு, உங்களத் தூக்கித் தூக்கி. வீட்ல ஆள் வெச்சாலும் ஒருத்தனும் நிக்க மாட்டேன்றான். இங்க ராஜா மாதிரி பாத்துப்பாங்க. இனிமே இதான் உங்க எடம்னு வெச்சுக்குங்க. நான் வாராவாரம் வர்றேன். இருக்கீங்களாப்பா?"

இல்லை. மாட்டேன். என் வீட்டுக்குப் போக வேண்டும். ஆம்பூருக்குப் போக வேண்டும். இந்தக் கடலும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.

"சரி. சரி. சரி."

ஃபஹீம் அவர் கையைப் பிடித்து முத்தம் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ரஷீத் அஹமது துண்டை உருவித் தரையில் எறிந்தார். கையால் எறிய முடிந்தது அது ஒன்றுதான். ஜெனிஃபா, "புது எடம் இல்ல, கொஞ்சம் பேஜாரா இருக்கும், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, மருந்து விவரம் கேட்க ஃபஹீமை ஜன்னல் பக்கம் அழைத்துப்போனாள்.

வஹீதா துண்டை எடுத்தாள். உதறினாள். அவர் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையிலேயே தெரியும் இவளுக்கு. தெரிந்துகொண்டே பிரியாணி ஊட்டினாள், தெரிந்துகொண்டே சோபாவுக்கு விலை பேசினாள். ரஃபி மகளல்லவா, தரகு வேலை ரத்தத்தில் வந்ததுதான் என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினார்.

அவள் குனிந்து துண்டை அவர் கை மேல் போர்த்தினாள். பிறகு கையை உள்ளே விட்டாள்.

அவர் உடனே உள்ளங்கையைத் தட்டிவிட்டார். கட்டாது.

கை திரும்ப வந்தது. மறுபடி தட்டினார், இந்தத் தடவை பலமாக. கட்டாது.

"மாசக் கணக்கு மாமா" என்று அவள் உதடு அசையாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவருடைய மூன்று விரல்களைப் பிடித்தாள்.

ரஷீத் அஹமதுவின் கை நின்றது. மகன் சொன்னது 'இனிமே இதான்' என்று. இவள் சொல்வது மூன்று. மகன் முன்னால் வாயைத் திறந்து சொல்ல முடியாத ஒன்றை இவள் பேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். மூன்று மாசம் இரு, வந்து அழைத்துக்கொள்கிறேன் என்கிறாள். ஜன்னல் பக்கம் அந்த இருவரும் மாத்திரை பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குள் இருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தான். மூன்று கேட்டால் ஒன்றில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு விரலைப் பிடித்தார்.

அவள் மூன்றைப் பிடித்தாள்.

ஒன்றரைக்கு வந்தார். ஒரு விரலும் அடுத்த விரலில் பாதியும்.

மூன்று.

இரண்டு. நல்ல விலை அது. யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்று. அவள் பிடி இறுகியதே தவிர, அசையவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. கேட்ட விலையிலேயே நிற்கிறவன் ஒன்று தொழில் தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லை குறைக்க வழியே இல்லாதவனாக இருக்க வேண்டும். இவளுக்குத் தொழில் தெரியும்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வேலூர்ல அவ்ளோதான் சொல்லியிருக்காங்க மாமா. எங்க அப்பாவுக்கு" என்றாள் வஹீதா.

பித்தப்பையும் இல்லை, கல்லும் இல்லை. ரஃபி சாகப் போகிறான். துண்டுக்குள் எத்தனை சண்டை போட்டவன், 'ரஷீத் பாய், உங்க விரலு இரும்பு, மனசும் அப்படியே' என்று சொல்லிவிட்டுப் போய் மறுநாள் வந்து நிற்கிறவன். மகள் இங்கே இன்னொரு கிழவனைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறாள், போனில் கஞ்சி குடித்தாரா என்று கேட்டுக்கொண்டு. இரண்டு வருஷமாகத் தான் ஒருத்தன்தான் பூட்டிக் கிடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலியிலேயே இவளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது.

அவர் மெதுவாக அவளுடைய விரல்களை எண்ணிச் சேர்த்தார். நாலு.

அவள் விழித்தாள். கிழவருக்குக் கணக்கு தப்பிவிட்டது என்று நினைத்தாள்போல. "நாலு இல்ல மாமா, மூணு" என்று கிசுகிசுத்து மூன்றைப் பிடித்துக் காட்டினாள்.

அவர் நாலைப் பிடித்தார். கேட்டதற்கு மேலே ஏற்றிக் கொடுத்தவன் ஆம்பூர் மண்டியில் அன்றுவரை ஒருத்தனும் இல்லை. டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல் இன்னும் ஒரு மாசம் ரஃபி இருந்துவிட்டுப் போகட்டும், இல்லை இவள் அழுது முடிக்கவாவது அது ஆகட்டும் என்று வாயால் சொல்ல அவருக்கு வழி இல்லை. நாலு விரலையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முக்காட்டை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. துண்டுக்குள் அவர் கட்டைவிரலால் அவள் கட்டைவிரலை அழுத்தினார். வியாபாரம் முடிந்தது.

"அப்ப நாங்க கெளம்பட்டாப்பா?" என்று ஃபஹீம் ஜன்னல் பக்கமிருந்து கேட்டான்.

"சரி" என்றார் ரஷீத் அஹமது. இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் மனசாரச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஃபஹீமுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வஹீதா திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் போனார்கள். சாய்தளத்தில் செருப்புச் சத்தம் இறங்கியது, கார்க் கதவு சாத்தியது, பெரிய கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. துண்டுக்கு அடியில் பேசியதை மாற்றினவன் கடை திறக்க முடியாது என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டார். பயம் கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் எதிரே ஜன்னல் திறந்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் போகும் ஜன்னல், அது முழுக்கக் கடல் நீலமாக அசைந்துகொண்டிருந்தது. அந்த முற்றத்தில் சத்தம் மட்டும் கேட்டதை இப்போதுதான் பார்க்கிறார். நாலு மாசம் இதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

ஜெனிஃபா ரஜாயை விரித்து அவர் கால் மேல் போட்டாள். அன்பாகக் குனிந்து கேட்டாள்.

"காத்து ஜாஸ்தியா அடிக்குது ஐயா. ஜன்னலச் சாத்திடவா?"

வேண்டாம். அது ஒன்றுதான். வேண்டாம்.

"சரி" என்றார்.

அவள் சாத்தினாள்.